பாக்கெட்டின் முதுகில் அளவையும் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் சிறுநீரக நோயாளிகளுக்கான உணவு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பருப்பைக் குறை, பாலைக் குறை, நிலக்கடலையைத் தொடாதே, கேழ்வரகு வேண்டாம் என்று பத்தி பத்தியாகச் சொல்லிவிட்டு, ‘பாக்கெட் உணவுகளையும் தவிர்ப்பது நல்லது’ என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். பாக்கெட்டில் சேர்க்கும் பாஸ்பேட்டுக்காகவே அந்த வரி முதல் பத்தியில் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. விருதுநகரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் நடக்கிறது. சர்க்கரையில் ஆரம்பித்தது. ஆக, பாக்கெட்டுகளை விற்பவனும் நான்தான், அதன் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டியவனும் நான்தான். இரண்டு பக்கமும் நிற்பவன் என்ற முறையில்தான் இந்தக் கடிதம்.

விஷயம் பாஸ்பேட். பாஸ்பரஸ் என்று டயட் ஷீட்டில் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒரே சங்கதிதான். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உணவில் கூடுதலாக வரும் பாஸ்பரஸ் சிறுநீரில் போய்விடும். கெட்டுப்போனவர்களுக்குப் போகாது, ரத்தத்தில் தேங்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது என் மனைவிக்கு ஒரு சமயம் 7-ஐத் தாண்டியது. ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பாள், சீப்பை எடுத்துச் சொறிவாள். வறண்ட தோல் என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். டயாலிசிஸ் சென்டரில் இருந்த டெக்னீஷியன் தம்பிதான் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘அண்ணாச்சி, பாஸ்பரஸைப் பாருங்க, அதனாலயும் இந்த அரிப்பு வரும்’ என்றார். அரிப்பாவது வெளியே தெரிகிறது. தெரியாமல் நடப்பதுதான் பயம். பாஸ்பரஸ் ஏற ஏற, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கிறது. எலும்பு பலவீனமாகிறது. இன்னொரு பக்கம் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது. சிலருக்குக் கை எக்ஸ்ரேயிலேயே ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதயக் கோளாறு அதிகம் வர இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இப்போது உங்கள் கட்டுரை விட்ட இடத்துக்கு வருகிறேன். எல்லாப் பாஸ்பரஸும் ஒன்றல்ல. துவரம்பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் தானியத்திலும் இருப்பது பெரும்பாலும் பைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அதனால் அதில் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை. பால், முட்டை, மீன், கறியில் உள்ளது 40 முதல் 60 சதவீதம்வரை சேரும். பாக்கெட் உணவில் தூளாகச் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு இருக்கிறதே, அது எதோடும் ஒட்டாமல் தனியாக இருப்பதால் 90 சதவீதம், அதற்கு மேலும்கூட உடம்பில் ஏறிவிடுகிறது. பருப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாக்கெட்டை ஒரு வரியில் முடித்தால் எப்படி? டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதம் வேறு கூடுதலாக வேண்டும். சைவம் சாப்பிடும் வீட்டில் பருப்பையும் பாலையும் எடுத்துவிட்டால் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

கடைக்காரன் புத்தி, நானும் பற்று வரவு எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸுக்குள் சாப்பிடச் சொல்கிறார்கள். 900 என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 6,300. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று சுமார் 800 மில்லிகிராமை வெளியேற்றும். வாரம் மூன்று என்றால் 2,400. எல்லாம் வீட்டுச் சமையல், பாதிதான் சேர்கிறது என்றால் உள்ளே போவது 3,150. மெஷின் எடுத்தது போக மீதி 750, நாளுக்கு நூற்றுச் சொச்சம். சாப்பாட்டோடு போடும் கால்சியம் அசிடேட் 667 மாத்திரை ஒன்று சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கும். நாலு மாத்திரையில் கணக்கு நேராகிறது. அதே 900-மும் பாக்கெட் பாஸ்பேட்டாக இருந்து 90 சதவீதம் ஏறினால் நாளுக்கு 460-க்கு மேல் மிஞ்சும். பதினைந்து, பதினாறு மாத்திரை வேண்டும். எவரும் முழுக்கப் பாக்கெட்டிலேயே வாழ்வதில்லை, இது தோராயக் கணக்குத்தான். டயட்டீஷியன் அம்மாவிடம் காட்டினேன். சிரித்தார், ஆனால் தப்பு என்று சொல்லவில்லை.

இதில் ஒரு கூத்து. எங்களுக்குக் கொடுத்த டயட் ஷீட்டில் ‘பால் 100 மில்லிக்கு மேல் கூடாது’ என்று இருந்தது. மருத்துவமனைப் பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான், தாள் பழையது. என் மனைவி காபிப் பிரியை. இதைக் கேள்விப்பட்ட மச்சினர் சென்னையிலிருந்து வரும்போது ஒரு டப்பா வாங்கி வந்தார். பாலே இல்லாத காபி கிரீமர். ‘அக்கா, இதுல பால் சுத்தமா கிடையாது, தைரியமா குடி’ என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். குளுக்கோஸ் சிரப், தாவர எண்ணெய், அப்புறம் ‘ஸ்டெபிலைசர் 340(ii)’. உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு இப்படி எண் கொடுத்திருக்கிறார்கள், 340(ii) என்றால் டைபொட்டாசியம் பாஸ்பேட். சூடான காபியில் திரியாமல் கலப்பதற்காகப் போடுவது. பாஸ்பேட்டும் ஆச்சு, பொட்டாசியமும் ஆச்சு, சிறுநீரக நோயாளிக்கு ஆகாத இரண்டும் ஒரே தூளில். மச்சினர் முகம் வாடிவிட்டது பாவம். டப்பாவை அவரிடமே கொடுத்தோம், அவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மனைவிக்குப் பழையபடி அரை டம்ளர் பால் காபி.

அந்த டப்பாவுக்குப் பிறகுதான் கடையில் இருக்கும் சரக்கை ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ ஓட்டும் நேரம். எண்கள் எங்கே இருக்கும் தெரியுமா? பெரும்பாலும் பாக்கெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒட்டியிருக்கும் மடிப்புக்கு அடியில். மடிப்பைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனை வைத்துப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது. பளபளப்புத் தாளில் வெள்ளை எழுத்து என்றால் டியூப்லைட் அதில் விழுந்து அதுவும் தெரியாது. எழுதியிருப்பது ஆங்கிலத்தில். ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம், வேறு மொழி வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம். தமிழில் சேர்த்துக்கொண்ட கம்பெனி என் கடையில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாஸ்பேட் எண்களாகத் தேடினேன். சீஸ் ஸ்லைஸில் 339-ம் 452-ம் இருந்தன. உருகும்போது எண்ணெய் பிரியாமல் வழவழவென்று வருவதற்கு. பேக்கிங் பவுடரில் 450. கேக் மிக்ஸிலும் அதே. சில சூப் தூள்களில் கட்டி தட்டாமல் இருக்க 341. டெய்ரி ஒயிட்னரில் 339 அல்லது 340. கோலாவில் 338, அதாவது பாஸ்பாரிக் அமிலம், அந்த நாக்கைக் கிள்ளும் புளிப்புக்கு. எலுமிச்சை சோடா வகைகளில் பெரும்பாலும் 330 என்று இருக்கும். அது சிட்ரிக் அமிலம், பாஸ்பேட் இல்லை.

கோலாவைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டிலில் இருக்கும் பாஸ்பரஸ் சில பத்து மில்லிகிராம்தான், ஒரு டம்ளர் பாலில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் வட கரோலினாவில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், தினம் இரண்டு கோலாவோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் சிறுநீரக நோய் இரண்டு மடங்கு அதிகம் காணப்பட்டது. சர்க்கரை இல்லாத டயட் கோலாவிலும் அப்படியே. கோலா அல்லாத குளிர்பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. கோலாதான் கெடுத்தது என்று அது நிரூபித்துவிடவில்லை, சேர்ந்து காணப்பட்டது, அவ்வளவுதான். பாஸ்பேட் மீது சந்தேகம் விழ அது போதும்.

பெரிய அளவு இருப்பது ஃப்ரீசரில். கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடி மூடி ஃப்ரீசர், கரண்ட் பில் மட்டும் நம்முடையது. சிக்கன் நக்கெட், சாசேஜ், உறைய வைத்த இறால். 450, 451, 452 மூன்றும் அங்கேதான் குடியிருக்கின்றன. பாஸ்பேட் போட்டால் இறைச்சி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொரித்தாலும் சக்கையாகாது. உரித்த இறாலையும் பாஸ்பேட் கரைசலில் ஊற வைத்து எடுப்பது உண்டு. சட்டப்படி அனுமதித்த காரியம்தான். ஆனால் தண்ணீர் ஏறினால் எடையும் ஏறுகிறது. நான் வெல்லத்தில் தண்ணீர் தெளித்து விற்றால் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்!

சரி, எண் இருக்கிறதே, பார்த்து ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அளவு இல்லையே. 451 என்று போட்டிருக்கிறான். ஒரு சிட்டிகையா, ஒரு கரண்டியா? பின்னால் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணையில் கலோரி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் கட்டாயம். பாஸ்பரஸ் கட்டாயம் இல்லை, பொட்டாசியமும் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் கொண்டுவந்த புது விதியில் பொட்டாசியத்தைக் கட்டாயமாக்கினார்கள், பாஸ்பரஸை அங்கும் சேர்க்கவில்லை. லைனுக்கு வரும் சேல்ஸ்மேன் தம்பியிடம் கேட்டேன். ‘அண்ணாச்சி, எம்.ஆர்.பி. கேளுங்க, ஸ்கீம் கேளுங்க, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்’ என்றான். அவன் சொல்வது நியாயம். பாக்கெட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது சார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டால் மறுபடியும் முதல் வாக்கியம்.

அனுமதிக்கப்பட்ட அளவு யாருக்கு? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் பாஸ்பேட்டுகளை மறுபரிசீலனை செய்து, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. உணவில் இயற்கையாக இருப்பதும் சேர்த்துத்தான். கூடவே, சிறுநீரகச் செயல்பாடு மிதமாகவோ கடுமையாகவோ குறைந்தவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்றும் தெளிவாகச் சொன்னது. குழந்தைகள் சராசரியாகச் சாப்பிட்டாலே இந்த வரம்பைத் தாண்டலாம் என்றும் கண்டார்கள். என் மனைவி மாதிரி ஆட்களுக்கு ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்ற பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்காவது தங்கள் நிலை தெரியும். என் கடைக்கு வரும் சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள் பாதிப் பேர் யூரினில் புரதம் போகிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. சிறுநீரகம் பாதி கெட்ட நிலையிலும் ரத்தத்தில் பாஸ்பரஸ் நார்மல் என்றே வரும். எலும்பிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோனும் பாராதைராய்டும் சேர்ந்து மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை விரட்டி விரட்டி வேலை வாங்குவதால் அப்படி. ரிப்போர்ட்டில் ஏறும்போது வெகு தூரம் போயிருக்கும்.

இந்த இடத்தில் அஜினமோட்டோ பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் நூடுல்ஸ் வாங்கும் பத்துப் பேரில் நாலு பேர் ‘அஜினமோட்டோ இல்லியே?’ என்று கேட்கிறார்கள். கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எலிக்கு ஏராளமாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் உண்டு. நாம் சமையலில் போடும் அளவில் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அதில் சோடியம் இருக்கிறது, அதுவும் சாப்பாட்டு உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. பிரஷர்காரர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். அஜினமோட்டோவின் 621 என்ற எண் ஊருக்கே மனப்பாடம், 451 யாருக்கும் தெரியாது.

உப்பு என்றதும் இன்னொன்று. ‘லோ சோடியம்’ உப்பு இப்போது நன்றாக விற்கிறது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை கிடையாது என்று சேர்த்தே சொன்னது. பொட்டாசியம் அளவுக்கு மீறித் தேங்கினால் இதயமே நின்றுவிடக்கூடும். நான் விற்கும்போது ‘வீட்ல யாருக்காவது கிட்னி பிரச்சினை உண்டா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், கோபிக்கட்டும்.

என்ன செய்யலாம் என்பதற்கு நான் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் 279 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2009-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கடையில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து பாஸ்பேட் சேர்த்ததை ஒதுக்கவும், ஓட்டலில் எதைத் தவிர்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிகிச்சை எதையும் சேர்க்கவில்லை. மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பாஸ்பரஸ் 0.6 கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு தாளும் கொஞ்ச நேரமும் செலவழித்துக் கிடைத்தது அது.

நம் ஊரிலும் அந்தத் தாளை அச்சடிக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் கிடைக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. அத்தனை பெரிய ஏற்பாடு இருக்கும்போது அதோடு ஒரு தமிழ்த் தாள் வருவது கஷ்டமா? டயட் ஷீட்டுகளையும் திருத்த வேண்டும். பாஸ்பரஸ் எவ்வளவு என்பதோடு அது எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டுதலே 2020-ல் சொல்லிவிட்டது. டயாலிசிஸ் சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற துணை ஆட்களிடம் கொடுத்தால் போதும். நான்கு மணி நேரம் சும்மாதானே இருக்கிறோம். கேன்டீனில் சீஸ் சாண்ட்விச்சும் கோலாவும் விற்பதை நிறுத்தினால் இன்னும் நல்லது.

அளவு விஷயம் எங்கள் கையில் இல்லை. அது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்ய வேண்டிய வேலை. பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது, பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சிலும் சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்றுதான் காதில் விழுகிறது. முன்பக்கம்கூட வேண்டாம் ஐயா, சோடியத்துக்குக் கீழே இன்னும் இரண்டே வரி, பொட்டாசியம் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு. எவ்வளவு போடுகிறோம் என்று தெரியாமலா தொழிற்சாலையில் கலக்குகிறார்கள்? இதைக் கேட்டு ஒரு தலையங்கம் எழுதுங்கள். வியாபாரம் பாதிக்குமே என்று கடைக்காரர்கள் சங்கத்தில் என்னைக் கேட்டார்கள். நக்கெட் போனால் துவரம்பருப்பு விற்கும், எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஓர் உதவி. கீழே உள்ள பாஸ்பேட் எண்களைப் பெட்டிச் செய்தியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்: 338 முதல் 343 வரை, 450, 451, 452, 541. வெளிநாட்டுச் சரக்கில் இதே எண்களுக்கு முன்னால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எண் போடாமல் பெயராகப் போட்டிருந்தால் ‘பாஸ்’ (phos) என்று வரும் எந்தப் பெயரையும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மனைவிக்கு நோய் இருப்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் பேப்பரில் வருவது அவளுக்குப் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
விருதுநகர்.